தராசு லேப்டாப்பில் இருந்து சர்வருக்கு ஜேசன்: மீனுக்கு நம்பர் போட்டால் போகுது, தமிழ்ப் பேர் போட்டால் 400 வருது

தெற்குவாடி_தராசு:

வணக்கம் அண்ணன்மாரே. பாம்பன் தெற்குவாடியில ஒரு மீன் கம்பெனிக்கு எடைக்கணக்கு சாஃப்ட்வேர் பாத்துக்கிறேன். எழுதினவர் வெளியூர் வேலைக்குப் போயிட்டார், இப்போ எல்லாம் என் கையில.

அமைப்பு இதுதான்: எலக்ட்ரானிக் தராசுல இருந்து கேபிள் வழியா எடை லேப்டாப்புக்கு வரும். எடை போடுற ஆள் மீனைத் தேர்ந்தெடுத்து, விலையை அடிச்சு என்டர் தட்டினா, நோட் (ஜாவாஸ்கிரிப்ட்) ஸ்கிரிப்ட் ஒண்ணு அதை ஜேசனா, அதாவது டேட்டாவை எழுத்தா அனுப்புற வடிவத்துக்கு மாத்தி, எக்ஸ்பிரஸ் சர்வருக்கு போஸ்ட் பண்ணும். ரெண்டு பக்கமும் நோட் 16. எக்ஸ்பிரஸ் 4. ஒரு கூடைக்கு ஒரு வரி: மீன், கிலோ, கிலோவுக்கு விலை.

[4,12.5,450]

4-ன்னா நண்டு. இப்படியே நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஆனா படகு ஒண்ணா வந்து இறங்குற நேரத்துல யாருக்கும் நம்பர் ஞாபகம் வராது. கணவாய்க்கு நண்டு நம்பரைப் போட்டு, அப்புறம் கணக்குல சண்டை. அதனால மீன்பிடித் தடைக்காலத்துல உக்காந்து, நம்பருக்குப் பதிலா தமிழ்ப் பேரே போற மாதிரி மாத்தினேன்.

["நண்டு",12.5,450]

இதை அனுப்பினா சர்வர் 400, அதாவது ரிக்வஸ்ட் தப்புன்னு தருது. லாக்ல 'அன்எக்ஸ்பெக்டட் எண்ட் ஆஃப் ஜேசன் இன்புட்'. லேப்டாப் பக்கம் கன்சோல்ல பிரிண்ட் பண்ணா வரி முழுசா இருக்கு. ஜேசன் சரிபார்க்கிற தளத்துல ஒட்டிப் பாத்தா சரின்னு சொல்லுது. நம்பர் போட்ட பழைய வரி இப்பவும் போகுது. ஜேசன் தமிழை ஏத்துக்காதா? ஜூன் 14-ஓட தடை முடியுது, அதுக்குள்ள சரி பண்ணியாகணும்.

பாம்பன்_நெட்:

கன்டென்ட்-டைப் ஹெடர் வைக்காம இருப்பீங்க. 'அப்ளிகேஷன்/ஜேசன்' போடுங்க.

தெற்குவாடி_தராசு:

இருக்குண்ணே. அது இல்லாம நம்பர் வரியும் போகாதே.

தேவிபட்டினம்_கரை:

தமிழ் எழுத்தை அப்படியே அனுப்பாதீங்க. ஒவ்வொண்ணையும் பின்சாய்வு போட்ட யூனிகோட் எண்ணா மாத்தி அனுப்புங்க, போயிரும். பைத்தான்ல ஜேசன்.டம்ப்ஸ் தானாவே அப்படித்தான் பண்ணும், அதனாலதான் அங்கே இந்தப் பிரச்சினையே வராது.

உச்சிப்புளி_சர்வர்:

தேவிபட்டினம் சொன்னபடி செஞ்சா வேலை செய்யும். ஆனா தயவுசெஞ்சு இப்பவே செய்யாதீங்க தம்பி. அது ஏன் வேலை செய்யுதுங்கிறதுலதான் விடை இருக்கு. மாத்திட்டா தடயம் போயிரும், கோளாறு உள்ளேயே இருக்கும்.

முதல்ல உங்க கேள்விக்குப் பதில்: ஜேசன் தமிழைத் தாராளமா ஏத்துக்கும். 2017 டிசம்பர்ல வந்த ஆர்எஃப்சி 8259-ங்கிற இணையத் தரநிலை, வெளி உலகத்துக்குப் போகிற ஜேசன் யூடிஎஃப்-8-லதான் (எழுத்தை பைட்டா மாத்துற முறை) இருக்கணும்னே சொல்லுது. தமிழ், அரபி, சீனம் எல்லாம் அதுல அடக்கம். அதனால மொழி மேல சந்தேகப்படாதீங்க.

அடுத்தது, கன்சோல்ல பிரிண்ட் பண்ணிப் பாத்தது நீங்க அனுப்ப நினைச்சதை. கம்பியில போனது எது, சர்வர்ல வந்து இறங்கினது எதுன்னு இன்னும் நாம யாருமே பாக்கலை. அதைப் பாத்துட்டுத்தான் மேல பேசணும்.

எக்ஸ்பிரஸ்.ஜேசனுக்கு 'வெரிஃபை'ன்னு ஒரு ஆப்ஷன் உண்டு. ஜேசனைப் பிரிச்சுப் படிக்கிறதுக்கு முன்னாடியே, வந்த பைட்டுகள் அப்படியே ஒரு பஃபரா அந்த ஃபங்ஷன் கைக்கு வரும். அதுல மூணு விஷயம் லாக் பண்ணுங்க: கன்டென்ட்-லெங்த் ஹெடர்ல (எத்தனை பைட் வருதுன்னு சொல்றது) என்ன எண் இருக்கு, பஃபரோட நீளம் எவ்வளவு, பஃபரை எழுத்தா மாத்தினா என்ன தெரியுது. நம்பர் வரி ஒண்ணு, நண்டு வரி ஒண்ணு, வேற ஒரு மீன் வரி ஒண்ணு அனுப்புங்க. அப்புறம் அதே நண்டு வரியை ஒரு ஃபைல்ல யூடிஎஃப்-8-ஆ சேமிச்சு, கர்ல்ங்கிற ரிக்வஸ்ட் அனுப்புற கருவி வழியா 'டேட்டா-பைனரி' போட்டு அனுப்பிப் பாருங்க. நாலையும் அப்படியே இங்கே ஒட்டுங்க.

பாம்பன்_நெட்:

எனக்கென்னமோ லைன் கோளாறுன்னுதான் தோணுது. நம்ம பக்கம் நெட் எப்படின்னு எல்லாருக்கும் தெரியும். பாதி போய் அறுந்திருக்கும்.

தெற்குவாடி_தராசு:

அண்ணே, பாத்துட்டேன்.

நம்பர் வரி: ஹெடர் 12, வந்தது 12, எழுத்து [4,12.5,450]

நண்டு வரி: ஹெடர் 18, வந்தது 18, எழுத்து ["நண்டு"

கணவாய் வரி, ["கணவாய்",8,320] அனுப்பினேன்: ஹெடர் 16, வந்தது 16, எழுத்து ["கணவா�

கர்ல்ல நண்டு வரி: ஹெடர் 28, வந்தது 28, முழுசா வந்துச்சு, 200 (சரின்னு பதில்).

நண்டுல பேர் முழுசா வந்து எடையும் விலையும் காணோம். கணவாய்ல பேரே பாதி, கடைசியில கேள்விக்குறி போட்ட ஒரு கட்டம். இன்னொண்ணும் சொல்லணும்: தமிழ் வரி போனதுக்கு அடுத்தாப்ல அனுப்புற நம்பர் வரியும் சில நேரம் 400 ஆகுது, இல்லேன்னா கனெக்‌ஷன் ரீசெட்.

உச்சிப்புளி_சர்வர்:

அருமை. இதுக்கு மேல ஊகமே வேண்டாம், எல்லாம் எண்ணிக்கையிலயே இருக்கு.

முதல்ல லைன் விஷயம். நெட் அறுந்திருந்தா ஹெடர் 28-னு சொல்லி, 18 பைட்டோட நின்னிருக்கும். சர்வர் மிச்சத்துக்காகக் காத்திருந்து, கடைசியில 'ரிக்வஸ்ட் அபார்ட்டட்'னு சொல்லியிருக்கும். இங்கே ஹெடர் சொன்ன எண்ணும் வந்த எண்ணும் ஒண்ணு. சர்வர் கேட்டது கிடைச்சுருச்சு. அதுகிட்டச் சொன்ன எண்ணே தப்பு.

இப்போ எண்ணுவோம். 'நண்டு' கண்ணுக்கு மூணு எழுத்து. யூனிகோட்ல ந, ண, புள்ளி, ட, உகரக் குறி, ஆக அஞ்சு. ஜாவாஸ்கிரிப்ட்ல 'லெங்த்' கேட்டா 5-னுதான் சொல்லும். ஆனா யூடிஎஃப்-8-ல தமிழ் யூனிகோட் குறி ஒவ்வொண்ணும் 3 பைட். அதனால கம்பியில போறது 15 பைட்.

வரி முழுசையும் பாருங்க. அடைப்பு, மேற்கோள், காற்புள்ளி, எண்கள் எல்லாம் சேர்த்து 13, ஒவ்வொண்ணும் ஒரு பைட். அதோட நண்டுக்கு 5 கூட்டினா 18. அதே 13-ஓட 15 கூட்டினா 28. ஹெடர்ல போனது 18, நிஜமாப் போனது 28. குறையுறது 10 பைட். கடைசி 10 பைட் எதுன்னு எண்ணுங்க:

,12.5,450]

சரியா 10. எடையும் விலையும் காணாமப் போனது அங்கேதான்.

கணவாயும் அப்படியே. க, ண, வ, ஆகாரக் குறி, ய, புள்ளி: 6. மத்தது 10. ஹெடர் 16. சர்வர் 16 பைட்டோட நிறுத்திருச்சு. முதல் 2 பைட் அடைப்பும் மேற்கோளும், அடுத்த 12-ல 'கணவா', மிச்சம் இருக்கிற 2 பைட் 'ய'வோட மூணுல ரெண்டு பங்கு. 3 பைட்ல 2 மட்டும் வந்தா அது எழுத்தாகாது, அதுக்குத்தான் அந்தக் கேள்விக்குறிக் கட்டம். அந்தக் கட்டத்தை எங்கே பாத்தாலும், ஒரு எழுத்தை நடுவுல வெட்டியிருக்காங்க, இல்லேன்னா யூடிஎஃப்-8 இல்லாததை யூடிஎஃப்-8-னு நினைச்சுப் படிச்சிருக்காங்கன்னு எடுத்துக்கலாம்.

அடுத்த நம்பர் வரி ஏன் கெடுதுங்கிறதுக்கும் இதே காரணம்தான். பில்லுல 18 கூடைன்னு எழுதி வண்டியில 28 ஏத்திவிட்டா, கேட்ல 18-ஐ வரவு வெச்சுட்டு மிச்சத்தை அடுத்த வண்டிச் சரக்குன்னுதானே எடுத்துக்குவாங்க? ஒரே இணைப்புல அடுத்தடுத்து ரிக்வஸ்ட் போற கீப்-அலைவ்ல அதேதான் நடக்குது. மிஞ்சின ,12.5,450] அடுத்த ரிக்வஸ்ட்டோட தொடக்கம்னு சர்வர் நினைக்குது. அது எச்டிடிபி மாதிரியே இல்லை, உடனே 400 சொல்லி இணைப்பை மூடிருது. பின்னாடி வந்த நல்ல வரியும் அதுல மாட்டிக்குது.

ஸ்கிரிப்ட்ல எச்டிடிபி.ரிக்வஸ்ட் கூப்பிடுற இடத்துல ஹெடர் எப்படி வெச்சிருக்குன்னு அந்த ஒரு வரியை மட்டும் போடுங்க.

தெற்குவாடி_தராசு:

'கன்டென்ட்-லெங்த்': டேட்டா.லெங்த்

பழையவர் எழுதினது, நான் தொடவே இல்லை.

உச்சிப்புளி_சர்வர்:

அதேதான். டேட்டா.லெங்த் இருக்கிற இடத்துல பஃபர்.பைட்லெங்த்(டேட்டா) போடுங்க. இல்லேன்னா அந்த ஹெடரையே எடுத்துட்டு, ரிக்வஸ்ட்டோட 'எண்ட்' உள்ளேயே டேட்டாவைக் கொடுத்திருங்க. நோட் தானே எண்ணிச் சரியாப் போடும். எனக்கு ரெண்டாவது வழிதான் பிடிக்கும். நாம எண்ண வேண்டியதில்லாததை நாம எண்ணக்கூடாது.

இணையத்துல பழைய வழிகாட்டிகள் நிறைய இடத்துல டேட்டா.லெங்த்தான் போட்டிருக்காங்க. ஆங்கில எழுத்துக்கு ஒண்ணுக்கு ஒரு பைட்ங்கிறதால அவங்களுக்கு அது தப்பாவே தெரியாது. தமிழ்ல எழுதுற நமக்கு முதல் நாளே உடையும். தேவிபட்டினம் சொன்ன மாத்து வேலை செய்யுறதும் இதனாலதான். பின்சாய்வு போட்டு எழுதினா எல்லாமே ஒரு பைட் எழுத்தா ஆகிருது, லெங்த்தும் பைட்டும் பொருந்திருது.

தேவிபட்டினம்_கரை:

இதுக்கு முன்னாடி எனக்கு ஏன்னு தெரியாது. தெளிவாச்சு, நன்றி.

தெற்குவாடி_தராசு:

ஹெடரை எடுத்துட்டு ஓட்டினேன். நண்டு 28, கணவாய் 28, ரெண்டும் 200. பாறை, சூடை, காரல், திருக்கை எல்லாம் அடிச்சுப் பாத்தேன், எல்லாம் போகுது. ரொம்ப நன்றிண்ணே.

மண்டபம்_ஐஸ்:

தராசுப் பேச்சு வந்ததால கேக்கிறேன். எங்க தராசு எடையை 012.50-ன்னு அனுப்புது. ஸ்டிரிங்கை ஒட்டி ஜேசன் கட்டுறோம். 'அன்எக்ஸ்பெக்டட் நம்பர்'னு வருது. பெரிய எடைக்கு வர்றதில்லை.

பாம்பன்_நெட்:

ஜேசன்ல எண்ணுக்கு முன்னாடி சும்மா பூஜ்யம் வரக்கூடாது. 112.50 போகும், 012.50 போகாது. தராசு தர்றதை முதல்ல நம்பரா மாத்திட்டு, ஜேசன்.ஸ்டிரிங்கிஃபை கையில விடுங்க. கையால ஒட்டி ஜேசன் கட்டவே வேண்டாம், பேர்ல ஒரு மேற்கோள் குறி வந்தாலும் உடைஞ்சிரும்.

கீழை_கோடர்:

அஸ்ஸலாமு அலைக்கும். உச்சிப்புளி காக்கா, எனக்கும் கொஞ்சம் பாருங்க. எங்களது நோட் ஸ்கிரிப்ட் இல்லை, பிரவுசர் பக்கம். ஃபெட்ச்ல ஜேசன்.ஸ்டிரிங்கிஃபை பண்ணி, கன்டென்ட்-டைப் 'அப்ளிகேஷன்/ஜேசன்' வெச்சு அனுப்புறேன். எந்த எர்ரரும் இல்லை. ஆனா சர்வர்ல ரிக்.பாடி வெறும் {} தான். எக்ஸ்பிரஸ்.ஜேசன் போட்டிருக்கேன், எக்ஸ்பிரஸ் 4 தான்.

உச்சிப்புளி_சர்வர்:

வ அலைக்கும் ஸலாம். ஃபெட்ச்ல 'மோட்: நோ-கார்ஸ்' இருக்கா?

கீழை_கோடர்:

ஆமா. முதல்ல கார்ஸ் (வேற டொமைனுக்கு அனுப்புற அனுமதி) எர்ரர் சிவப்பா வந்துச்சு. தேடினப்போ நோ-கார்ஸ் போடச் சொல்லியிருந்தாங்க. போட்டதும் சிவப்பு போயிருச்சு.

உச்சிப்புளி_சர்வர்:

சிவப்பு மட்டும்தான் போயிருக்கு. பிரவுசர் நெட்வொர்க் டேப்ல அந்த ரிக்வஸ்ட்டைத் திறந்து ரிக்வஸ்ட் ஹெடர்ஸைப் பாருங்க. நீங்க வெச்ச 'அப்ளிகேஷன்/ஜேசன்' அங்கே இருக்காது, 'டெக்ஸ்ட்/பிளெயின்' இருக்கும்.

வேற டொமைனுக்கு ஜேசன் அனுப்பணும்னா, பிரவுசர் முதல்ல ஆப்ஷன்ஸ்னு ஒரு முன்கேள்வி அனுப்பி அனுமதி வாங்கணும். அனுமதி கேக்காம அனுப்பக்கூடிய கன்டென்ட்-டைப் மூணுதான்: டெக்ஸ்ட்/பிளெயின், மல்டிபார்ட் ஃபார்ம், யுஆர்எல்-என்கோடட் ஃபார்ம். நோ-கார்ஸ் போட்டா அனுமதியே கேக்காது. அதனால இந்த மூணுல அடங்காத கன்டென்ட்-டைப்பைச் சத்தமில்லாம ஒதுக்கிருது. டெக்ஸ்ட்னு சொல்லி வர்றதை எக்ஸ்பிரஸ்.ஜேசன் திறக்காது, எக்ஸ்பிரஸ் 4-ல காலி {} நிக்கும். நோ-கார்ஸ்ல பதிலையும் உங்க கோட் படிக்க முடியாது, ஸ்டேட்டஸ் 0-ன்னுதான் தெரியும். எர்ரரே இல்லைன்னு நீங்க நினைச்சது அதனாலதான்.

நோ-கார்ஸை எடுங்க. சர்வர்ல கார்ஸ் மிடில்வேர் போட்டு உங்க பக்கத்தோட டொமைனை அனுமதிங்க. லாகின் சரிபார்க்கிற கோட் இருந்தா, கார்ஸ் அதுக்கு முன்னாடி வரணும். ஆப்ஷன்ஸ் முன்கேள்வியில குக்கியோ டோக்கனோ வராது. லாகின் கோட் அதைப் பாத்து 401 (லாகின் இல்லை) சொன்னா, திரும்ப அதே சிவப்புதான் வரும்.

கீழை_கோடர்:

லாகினுக்குப் பின்னாடிதான் இருந்துச்சு, முன்னாடி நகர்த்தினேன். வருது காக்கா! ஜஸாக்கல்லாஹ்.

தொண்டி_பிஎச்பி:

எங்களது பிஎச்பி. ஜேசன் அனுப்பினா $_போஸ்ட் எப்பவும் காலி.

பாம்பன்_நெட்:

$_போஸ்ட் ஃபார்முக்கு மட்டும்தான். ஜேசனுக்கு பிஎச்பி://இன்புட்டைப் படிச்சு ஜேசன்_டீகோட் பண்ணுங்க.

தொண்டி_பிஎச்பி:

பண்ணேன், அதுவும் காலி. மெத்தட் பிரிண்ட் பண்ணா கெட்-ன்னு காட்டுது. நான் போஸ்ட்தான் அனுப்புறேன்.

பாம்பன்_நெட்:

முகவரியில எச்டிடிபி போட்டு, சர்வர் அதை எச்டிடிபிஎஸ்-க்குத் திருப்பிவிடுதா? 301-ல திருப்பினா பிரவுசர் போஸ்டை கெட்-ஆ மாத்திரும், பாடியை விட்டுரும். கோட்லயே எச்டிடிபிஎஸ் முகவரியைப் போடுங்க. திருப்பித்தான் ஆகணும்னா 308 வைங்க, அது மெத்தடையும் பாடியையும் காப்பாத்தும். சில ஃபிரேம்வொர்க்ல முகவரிக் கடைசியில சாய்கோடு விட்டுப்போனாலும் இப்படித் திருப்பும்.

தொண்டி_பிஎச்பி:

அதேதான். சரியாச்சு.

தெற்குவாடி_தராசு:

அண்ணே, எல்லாம் போகுது, ஆனா ரிப்போர்ட்ல 'கொடுவா' ரெண்டு தடவை வருது. ரெண்டுக்கும் தனித்தனி மொத்தம். கண்ணுக்கு ஒரே பேர்தான், முன்னாடி பின்னாடி இடைவெளியும் இல்லை. பட்டியல்ல இருந்து தேர்ந்தெடுத்தா ஒரு மொத்தத்துலயும், புதுப் பேர்னு கையால அடிச்சா இன்னொரு மொத்தத்துலயும் சேருது.

உச்சிப்புளி_சர்வர்:

இது ஜேசன் தப்பு இல்லை, ஆனா தமிழ் டேட்டா வாங்குற எல்லாருக்கும் ஒருநாள் வரும். 'கொ' எழுத ரெண்டு வழி உண்டு. க-வுக்குப் பின்னாடி ஒகரக் குறி ஒரே யூனிகோட் குறியா வரலாம். இல்லேன்னா முன்னாடி வர்ற ஒற்றைக்கொம்பு ஒரு குறி, பின்னாடி வர்ற கால் ஒரு குறின்னு ரெண்டாப் பிரிஞ்சும் வரலாம். திரையில ரெண்டும் ஒண்ணுதான். டேட்டாபேஸுக்கு வேற வேற. எந்தக் கீபோர்ட்ல அடிச்சாங்கங்கிறதைப் பொறுத்து மாறும். லெங்த் கேட்டுப் பாருங்க, ஒரு கொடுவா 6, இன்னொண்ணு 7 வரும். கோ, கௌ எழுத்துக்கும் இதே கதைதான்.

சர்வர்ல வாங்கின உடனே பேரை நார்மலைஸ்('என்எஃப்சி') பண்ணி ஒரே வடிவத்துக்குக் கொண்டு வாங்க, ரெண்டும் ஒண்ணாயிரும். ஏற்கெனவே ஏறின வரிகளையும் ஒரு தடவை இதே மாதிரி மாத்திருங்க. க்ளையன்ட்ல மட்டும் செஞ்சா போதாது, நாளைக்கு வேற ஒரு மொபைல்ல இருந்து அனுப்புவாங்க.

தெற்குவாடி_தராசு:

6-ம் 7-ம்தான் வந்துச்சு. மாத்திட்டேன், இப்போ ஒரே மொத்தம்.

கடைசியா ஒண்ணு. நெட் போனா ஸ்கிரிப்ட் வரிகளைச் சேத்து வெச்சு, வந்ததும் ஒரே மொத்தமா அனுப்பும். அதிகமாச் சேர்ந்தா லேப்டாப்ல 'அன்எக்ஸ்பெக்டட் டோக்கன் <' வருது. சில நேரம் ஒரே கூடை ரெண்டு தடவை ஏறிருது. இது ஏலக்காசு, ரெண்டு தடவை ஏறினா படகுக்காரருக்கும் கம்பெனிக்கும் மனஸ்தாபம் ஆகிரும்.

உச்சிப்புளி_சர்வர்:

அந்த < எச்டிஎம்எல் பக்கத்தோட முதல் எழுத்து. பதில் ஜேசனா இருக்கும்னு நம்பி உங்க ஸ்கிரிப்ட் பிரிக்குது, வந்தது எர்ரர் பக்கம். பிரிக்கிறதுக்கு முன்னாடி ஸ்டேட்டஸைப் பாருங்க, 413 (அளவு ரொம்பப் பெருசு) இருக்கும். எக்ஸ்பிரஸ்.ஜேசன் எதுவும் சொல்லாட்டி 100 கேபிக்கு மேல வாங்காது. எக்ஸ்பிரஸுக்கு முன்னாடி என்ஜினெக்ஸ்ங்கிற வெப் சர்வர் இருந்தா அதுக்கு 1 எம்பி. அளவை ஏத்துறதை விட, சின்னச் சின்னக் கட்டா அனுப்புங்க. நம்ம நெட்டுக்குப் பெரிய கட்டு பாதியில அறுந்தா முழுசும் திரும்ப அனுப்பணும்.

ரெண்டு தடவை ஏறுறது ஏன்னா, சர்வர் வரியை எழுதிருச்சு, ஆனா 200 சொல்றதுக்குள்ள நெட் போயிருச்சு. ஸ்கிரிப்ட் போகலைன்னு நினைச்சுத் திரும்ப அனுப்புது. ஸ்கிரிப்ட் மேலயும் குத்தம் சொல்ல முடியாது, அதுக்கு வேற வழி இல்லை. அதனால ஒவ்வொரு கூடைக்கும் ஒரு ஐடி போடுங்க, கிரிப்டோ.ரேண்டம்யூயூஐடி நோட் 16-லயே இருக்கு. அந்த ஐடியை எடை போட்ட நொடியிலயே போட்டு வரியோட சேமிக்கணும். அனுப்பும்போது போட்டா ஒவ்வொரு முறையும் புது ஐடி வரும், பிரயோஜனமே இல்லை. டேட்டாபேஸ்ல அந்தக் காலத்துக்கு யூனிக் வைங்க. ஏற்கெனவே இருக்கிற ஐடி வந்தா எர்ரர் சொல்லாதீங்க, 200 சொல்லுங்க. எர்ரர் சொன்னா ஸ்கிரிப்ட் விடாம அனுப்பிக்கிட்டே இருக்கும்.

தெற்குவாடி_தராசு:

ஐடியை எடை போடும்போதே சேமிக்க வெச்சுட்டேன். சர்வர் எழுதின பிறகு பதில் தாமதமா வர்ற மாதிரி வெச்சு, நடுவுல நெட்டைப் பிடுங்கித் திரும்பச் சொருகினேன். திரும்ப அனுப்புச்சு, ஆனா டேட்டாபேஸ்ல ஒரே வரிதான் இருக்கு. தங்கச்சிமடத்துல இருக்கிற எங்க இன்னொரு எடை இடத்துலயும் இதே பழைய ஸ்கிரிப்ட்தான் ஓடுது, லெங்த் வரியோட. நாளைக்குக் காலையில போய் அதையும் மாத்திட்டு வந்துடுறேன்.